ஜெப்ஸிக்கு ஒரு தேதி

என் மகள் ஜெப்ஸி ஒரு மைல் தூரத்தை நாலு நிமிடம் நாற்பத்து நாலு விநாடியில் ஓடினாள். இதை எங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் சொன்னபோது, நல்லது டீச்சர், ரிவிஷன் டெஸ்டில் எவ்வளவு என்று கேட்டார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம். ஒரு பழைய வினாத்தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட்டே காட்டினேன். நானூறு மீட்டர் ரவுண்டு ஒன்றுக்கு எழுபதரை விநாடி. அதே வேகத்தில் நாலு ரவுண்டு. அதற்கு மேலும் ஒன்பது மீட்டர். நம் வாட்ச்மேன் சைக்கிளில் எழும்பி நின்று மிதித்தாலும் அவள் கூடப் போவது கஷ்டம் என்றேன். அப்படியா என்று வாயைப் பிளந்தார்கள். மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

நான் ஜெபகனி. தூத்துக்குடியில் கணக்கு டீச்சர். சொந்த ஊர் நாசரேத். கோபம் எனக்கு மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. எங்கள் வீட்டுக்காரர் எஸ்றா தோஹாவில் ஏ.சி. மெக்கானிக். போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாத லீவில் வருவார். அவர் வருகிற மாதம் பார்த்து ஒரு போட்டியும் இருக்காது. மகள் ஓடி ஜெயித்த எதையும் அவர் நேரில் பார்த்ததில்லை. போன் திரையில் பார்த்ததோடு சரி; அதிலும் கடைசி ரவுண்டில் நெட் நின்றுவிடும்.

ஜெப்ஸியை ஓட வைத்தவர் கிளாட்வின் சார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஷிப்ட் முடிந்த கையோடு தருவை மைதானத்துக்கு வந்து நாலைந்து பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை லாரி குறைவு என்று உப்பளத்து ரோட்டில் ஓட விடுவார். கோயிலுக்குப் போகாமல் நான் அங்கே ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பதைப் பற்றி எங்கள் சபையில் பேசாத வாய் இல்லை. பேசட்டும். கர்த்தர் கொடுத்த கால்தானே, அவருக்குத் தெரியாதா.

அந்த நாலு நாற்பத்து நாலு, பிப்ரவரி மாதம் பெங்களூரில் நடந்த போட்டியில் ஓடியது. பத்து நாள் கழித்துக் கிளாட்வின் சார் போன் பண்ணினார். குரலே சரியில்லை, அவ்வளவு சந்தோஷம். தோஹாவில் மே மாதம் பள்ளி மாணவிகளுக்கு ஒரு மைல் ஓட்டம் நடக்கிறது, பல நாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், நாலு ஐம்பதுக்குள் ஓடியவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள், நம் ஜெப்ஸிக்கு அழைப்பு வந்திருக்கிறது என்றார். தோஹா என்ற சொல்லைக் கேட்டதுமே ஜெப்ஸி போனைப் பிடுங்கி அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். எஸ்றா மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது. அழுகிறார் என்று தெரிந்துகொண்டு நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். சாயங்காலத்துக்குள் அவர் தங்கியிருக்கிற கேம்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் சொல்லி, மே மாதம் ஒரு நாள் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

நாலு நாள் போயிற்று. கிளாட்வின் சார் விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முகம் செத்துக் கிடந்தது. காபி வேண்டாம் என்றார். அவசரத்தில் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டேன் டீச்சர், வயசைப் பார்க்கவில்லை என்றார். பதினெட்டு நிறைந்தவர்கள் ஓட முடியாது. ஜெப்ஸியின் சான்றிதழில் பிறந்த தேதி இரண்டாயிரத்தெட்டு ஜனவரி பதிமூன்று. ஒரு மாதத்துக்கு முன்னால்தான் பதினெட்டு முடிந்திருந்தது.

ஜெப்ஸி அந்தத் தாளை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். அவள் எளிதில் அழுகிறவள் அல்ல, என்னை மாதிரி கத்துகிறவளும் அல்ல. கிளாட்வின் சார் போகிற வரைக்கும் நல்லபடியாகப் பேசிவிட்டு, அவர் பைக் தெருமுனை திரும்பியதும் என் மடியில் தலையைப் போட்டாள்.

"ஏம்மா, ஒரு வருசம் பிந்திப் பெத்திருக்கக் கூடாதா நீ?" என்றாள்.

கேலியாகத்தான் கேட்டாள். கண்ணீர் என் சேலையை நனைத்தது. அந்தக் கேலிக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் நான் அவளைப் பிந்தித்தான் பெற்றேன். ஒரு வருஷம் அல்ல, ஒரு வருஷம் ஏழு மாதம்.

எனக்கு முதலில் ஒரு மகள் பிறந்தாள். அந்த ஜனவரி பதிமூன்று அவளுடைய தேதி. அவள் பெயரும் ஜெப்ஸிதான். நாசரேத்தில் எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பெயர். எட்டு மாதம் இருந்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கப் பழகியிருந்தாள். நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் என் பிள்ளை இல்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் மறுபடியும் முழுகாமல் இருந்தேன். ஆகஸ்டு மாதம் பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை. கையில் வாங்கியதும் என் வாயில் வந்த பெயர் ஜெப்ஸி. வேறு பெயர் வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் ஒரு வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எஸ்றா என்னை ஒரு பார்வை பார்த்தார். சரி, இருக்கட்டும் என்றார். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் பிள்ளை காதுபட ஒருத்தரும் பேசியதில்லை. என் வாய்க்கு அவ்வளவு பயம்.

பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எனக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்தது, எஸ்றா தோஹாவுக்கு விமானம் ஏறினார், வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலேயே எல்.கே.ஜி. இருந்தது. பிள்ளைக்கு இரண்டே முக்கால் வயது, சேர்க்கமாட்டார்கள். அவள் பிறப்பைப் பேரூராட்சியில் பதிந்ததோடு சரி, பெயரைச் சேர்க்க நான் போகவே இல்லை. பதிவேட்டில் "பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தது. பெரியவளின் சான்றிதழோ பெட்டியில் பத்திரமாக இருந்தது. பெயர் ஜெப்ஸி, தகப்பன் எஸ்றா, தாய் ஜெபகனி. தேதியைத் தவிர எல்லாம் சரி. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதைக் கேட்டு யாரும் என்னைப் பெரிய குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம். எங்கள் பக்கத்து வாத்தியார் வீடுகளில் பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாகிறது என்றால் வீடே இடிந்த மாதிரி. ஆறு மாதம், எட்டு மாதம் கூட்டிப் போடாத வீடு எத்தனை என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு வருஷம் மிச்சம் என்றுதான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன பிள்ளையின் தாள் பெட்டிக்குள் சும்மா கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அது பள்ளிக்கூடம் போகட்டும் என்று நினைத்தேன்.

பெரியவளைக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணினோம். கோயில் பதிவேட்டில் எழுதினார்கள். அரசாங்கத்தில் நாங்கள் பதியவில்லை. அதனால் அந்தத் தாளைப் பொறுத்தவரைக்கும் அவள் சாகவும் இல்லை.

மறுநாள் எஸ்றாவிடம் கேட்டேன். சொன்னால் பிள்ளை ஓடலாம். சொன்னால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், என்ன செய்ய என்றேன். அறையில் ஆள் இருக்கிறது என்று அவர் போனோடு வெளியே போனார். பிறகு, "சொல்லிரு ஜெபா. ரெண்டும் நம்ம பிள்ளதான், ஒண்ண மறைச்சது போதும்" என்றார். அவருக்கு மகளைப் பார்க்கிற ஆசை. எனக்கும் வேறு யோசனை இல்லை. அந்த ஓட்டம் அவளுக்குச் சேர வேண்டியது, என் கையெழுத்தினால் அது போகக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான்.

அன்று சாயங்காலம் ஜெப்ஸி கெண்டைக்காலில் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. வகுப்பில் ஒரு கணக்கை விளக்குகிற மாதிரி முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம். அவள் கேட்ட முதல் கேள்வி, அப்படியென்றால் நான் எப்போது பிறந்தேன் என்பதுதான். ஆகஸ்டு பத்தொன்பது, இரண்டாயிரத்தொன்பது என்றேன்.

"அப்ப எனக்குப் பதினாறுதானா?"

"பதினாறுதான்."

ஐஸ் கட்டியிருந்த காலோடு எழும்பிக் குதித்தாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். ஓடலாம்மா, நான் ஓடலாம், இதை நேற்றே சொல்லக் கூடாதா என்று சிரித்தாள். பதினாறு வயதில் நாலு நாற்பத்து நாலு என்றால் இந்தியாவில் எத்தனை பேர் ஓடியிருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிட்டாள். கிளாட்வின் சாரை அவளே கூப்பிட்டாள். நான் ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். பதினாலு வருஷமாகப் பயந்த காரியம் இவ்வளவுதானா என்றிருந்தது. மகளை எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

சனிக்கிழமை இரண்டு பேருமாக நாசரேத்துக்குப் போனோம். எங்கள் கோயில் சேகர குருவிடம் முன்னாலேயே பேசியிருந்தேன். அவர் பழைய பதிவேடுகளை எடுத்து வைத்திருந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஜெப்ஸி என்று இரண்டு இடத்தில் இருந்தது, ஒன்றரை வருஷ இடைவெளியில், ஒரே தகப்பன், ஒரே தாய். அடக்கப் பதிவேட்டில் ஒரு இடத்தில் இருந்தது. ஜெப்ஸி, எட்டு மாதம், காய்ச்சல். ஜெப்ஸி அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். விரலை எடுக்கச் சொல்ல அந்தக் குருவானவருக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

பிறகு, இடத்தைக் காட்டு என்றாள். கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்னக் கல்லறை, ஒரு முழம் அகலம். சிமெண்டில் சிலுவை மட்டும் போட்டிருக்கும். பெயர் ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். உயிரோடு இருக்கிற பிள்ளையின் பெயரைக் கல்லறையில் எழுத எப்படி மனம் வரும் என்றேன். அவள் குனிந்து சிலுவை மேல் கிடந்த சருகைத் தட்டிவிட்டாள்.

"வருசா வருசம் ஜனவரி பதிமூணு கேக் வெட்டுனியே, அது எனக்கா, அவளுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"ரெண்டு பேருக்கும்னு சொல்லாத. கேக்கு ஒண்ணுதான் இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது, வரக் கூடாத இடத்தில். உனக்காகத்தான் இவ்வளவும் செய்கிறேன், ஊர் சிரிக்கிற மாதிரி பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன், எனக்கு வேலையே போனாலும் போகும் என்று கத்திவிட்டேன், செத்த பிள்ளைக்கு முன்னால் நின்றுகொண்டு. என் வாய் அப்படி. ஜெப்ஸி கேட்டை நோக்கி நடந்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு திருச்செந்தூரில் கோட்டாட்சியர் அலுவலகம். இத்தனை வருஷம் கழித்து ஒரு சாவைப் பதிய வேண்டும் என்றால் அங்கேதான் உத்தரவு வாங்க வேண்டும். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்கவும் அங்கேயே மனுக் கொடுத்தோம். கோட்டாட்சியர் அம்மா தங்கமானவர்கள். எங்கள் கதையைக் கேட்டு மற்ற கோப்புகளை ஓரமாக வைத்துவிட்டார்கள். ஆனால் சட்டப்படி வாக்குமூலத்தை வாசித்துக் காட்ட வேண்டும், நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும். எழுத்தர் வாசித்தார். எஸ்றா, ஜெபகனி தம்பதியின் மகள் ஜெப்ஸி இறந்துவிட்டாள் என்று உறுதி கூறுகிறேன் என்றிருந்தது. ஜெப்ஸி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், முழங்கையில் முழங்கை இடிக்கிற தூரத்தில்.

மூன்று தரம் கேட்டார்கள். கடைசியில் ஜெப்ஸிதான், "சொல்லும்மா, நேரமாகுது" என்றாள். ஆமாம் என்றேன். அந்த அம்மா ஜெப்ஸியைப் பார்த்து, நீ யாரும்மா என்று கேட்டார்கள். நானும் ஜெப்ஸிதான் என்றாள்.

மார்ச் மாதக் கடைசியில் இரண்டு சான்றிதழும் ஒரே நாளில் கையில் கிடைத்தன. ஒன்று சாவு, ஒன்று பிறப்பு. பள்ளிக்கூடத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். தாளாளர் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு விட்டார். கிளாட்வின் சார் புதிய சான்றிதழை விண்ணப்பத்தோடு விளையாட்டுச் சங்கத்துக்கு அனுப்பினார். எஸ்றா தோஹாவில் எந்தக் கேலரியில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று போய்ப் பார்த்துவிட்டே வந்துவிட்டார்.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. மரியாதையான கடிதம். தேதி தவறாக இருந்ததால் வீராங்கனைக்கு எந்த ஆதாயமும் கிடைக்கவில்லை, ஆகவே தண்டனை இல்லை, புதிய தேதியை ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கிளாட்வின் சார் அதுவரைக்கும் சத்தமாக வாசித்தார். அடுத்த வரியைத் தனக்குள் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். பழைய தேதியில் பதிந்து ஓடிய நேரங்கள் புதிய பதிவுக்குச் செல்லாது. நாலு நாற்பத்து நாலு போய்விட்டது.

கணக்கு டீச்சருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. பழைய தேதியில் நேரம் இருந்தது, வயது இல்லை. புதிய தேதியில் வயது இருக்கிறது, நேரம் இல்லை. பெங்களூரில் ஓடியது இரண்டாயிரத்தெட்டு ஜனவரி பதிமூன்றில் பிறந்த ஜெப்ஸி. அவள் செத்துவிட்டாள் என்று கையெழுத்துப் போட்டது நான்.

இதை வாசித்து நான் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். ஜெப்ஸி கடிதத்தை மடித்து வைத்தாள். அப்படின்னா அவள்தான் ஓடியிருக்கிறாள், இருக்கட்டும் என்றாள். குரலில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. நாசரேத்துக்குப் போய்வந்த நாளிலிருந்தே அவள் வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டாள். கேட்டதற்குப் பதில் வரும். சாப்பிடுவாள், படிப்பாள், பரீட்சை எழுதுவாள், ஓடுவாள். முன்னால் மாதிரி ஏம்மா என்று தோளில் வந்து தொங்கமாட்டாள்.

கிளாட்வின் சார் விடுகிற ஆள் இல்லை. ஏப்ரல் இருபதுக்குள் அங்கீகரித்த ஒரு போட்டியில் புதிய தேதியோடு நாலு ஐம்பதுக்குள் மறுபடியும் ஓடினால் தோஹாவுக்குப் போகலாம் என்று கேட்டு உறுதி பண்ணினார். பதினெட்டாம் தேதி மதுரையில் ஒரு போட்டி இருந்தது. அதில் மைல் ஓட்டம் இல்லை. கெஞ்சிக் கூத்தாடி அதையும் சேர்க்க வைத்தார். அதற்கு முந்தின வாரம் தருவை மைதானத்தில் ஓட விட்டுப் பார்த்தோம். தன்னந்தனியாக, எதிர்காற்றில், நாலு நாற்பத்தாறு. வாட்ச்சைப் பார்த்து அவர் சிலுவை போட்டுக்கொண்டார். கால் இருக்கு டீச்சர், காலுக்கு ஒன்றும் குறையில்லை என்றார்.

மதுரைக்கு விடியும் முன்னே வேனில் போனோம். ஒன்பது மணிக்கு ஓட்டம். ஏழு பிள்ளைகள் நின்றார்கள். இவளை விரட்டுகிற அளவுக்கு ஒருத்தியும் இல்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, அவள் ஓட வேண்டியது கடிகாரத்தோடு. கிளாட்வின் சார் போனில் வீடியோ கால் போட்டு எஸ்றாவையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என் ஸ்டாப்வாட்ச்சோடு கோட்டுக்கு நேராக நின்றேன். மைக்கில் பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் வாசித்தார்கள். ஆகஸ்டு பத்தொன்பது என்று முதல் தரம் ஒரு மைதானத்தில் கேட்டேன்.

முதல் ரவுண்டு எழுபத்தொன்று. இரண்டாவது எழுபத்தொன்று. மூன்றாவது எழுபத்திரண்டு. முகத்தில் சிரமமே இல்லை, தோள் ஆடவில்லை, வாய் மூடியிருந்தது. கடைசி ரவுண்டை எழுபத்து மூன்றில் ஓடினால் போதும். அது அவளுக்கு உப்பளத்து ரோட்டில் பேசிக்கொண்டே ஓடுகிற வேகம். கடைசி ரவுண்டுக்கான மணி அடித்தார்கள். எஸ்றா போனுக்குள்ளிருந்து, வா பிள்ள, வா பிள்ள என்று கத்துவது எனக்குக் கேட்டது.

வளைவில் திரும்பும்போது அவள் வேகம் குறைந்தது. நொண்டவில்லை, வயிற்றைப் பிடிக்கவில்லை. ஓடிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் சும்மா ஓடினாள், பஸ்ஸுக்குப் போகிறவள் மாதிரி. பின்னால் வந்த ஒருத்தி தாண்டினாள், பிறகு இன்னொருத்தி. நான் கத்தினேன். என் தொண்டைக்கு எட்டாத மைதானம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே கிடையாது. மதுரையில் மட்டும் கேட்காமல் இருக்குமா. அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நாலு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. கோட்டைத் தாண்டி நடந்துபோய்த் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாள்.

கிளாட்வின் சார் போனைத் தாழ்த்திப் பிடித்தபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எஸ்றா, பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பிறகு லைனை வைத்துவிட்டார். எனக்குக் கண்மண் தெரியாத கோபம். இத்தனை பேர் பாடுபட்டதை வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டாளே என்று வேகமாகப் போனேன். கேலரிப் படியில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்ததும் கத்த வரவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது. கீழ்ப்படியில் உட்கார்ந்து, என்ன ஆச்சு பிள்ள என்று மட்டும் கேட்டேன்.

"மூணு ரவுண்டு நல்லாத்தாம்மா வந்தேன். மணி அடிக்கவும் ஒரு நெனப்பு வந்துட்டு."

"என்ன நெனப்பு?"

"அவ செத்திருக்காட்டி நீ என்னையப் பெத்திருப்பியா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்துபோகிற கேள்வி. எந்தத் தாயும் யோசிக்காமல் சொல்லிவிடுவாள். ஆனால் பெரியவள் பிறந்த மூன்றாம் மாதமே நானும் எஸ்றாவும் பேசி முடிவு பண்ணியிருந்தோம், ஒரு பிள்ளை போதும், இருக்கிற சம்பளத்தில் ஒன்றை நன்றாக வளர்ப்போம் என்று. அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. அவள் பிழைத்திருந்தால் இந்தப் பிள்ளை இல்லை. எனக்கு இது என்றைக்கோ தெரியும், நினைத்துப் பார்க்காமலே காலத்தை ஓட்டிவிட்டேன். என் முன்னால் உட்கார்ந்திருக்கிற இவள்தான் எனக்கு உலகம். அதுவும் உண்மை. ஆனால் அவள் கேட்டது அதையல்ல.

எத்தனை படிவத்தில் எத்தனை தரம் அந்தப் பொய்த் தேதியை என் கையால் எழுதியிருப்பேன், ஒரு தடவைகூடப் பேனா தயங்கியதில்லை. அன்றைக்கு ஒரே ஒரு பொய் வேண்டியிருந்தது. ஒரு சொல். வாயைத் திறந்தேன், வரவில்லை. வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை ஒரு முறைப்பில் அடக்குகிறவள், மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜெப்ஸி எனக்கு வேண்டிய நேரம் கொடுத்தாள். அவசரப்படுத்தவில்லை. அடுத்த ஓட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவர்கள் வந்து கோட்டில் நிற்கிற வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா" என்றாள். குனிந்து ஷூவைக் கழற்றத் தொடங்கினாள்.